சேனலில் யாரோ

"பேசி முடிச்சாச்சா? அப்போ பொத்தானை விடுங்க."

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு, குழுவில் இருந்த மற்ற எட்டுப் பேருக்கும் காது புளித்துப் போயிருந்தது. சொல்கிறவர் கன்ட்ரோல். பிழைப்புக்கு லிஃப்ட் மெக்கானிக். மற்ற நேரமெல்லாம் ரேடியோ. தினமும் காலை ஏழு மணிக்கு மைக்கைக் கையில் எடுத்து, ஒன்றாம் நம்பர் அவரே என்பதால் இரண்டிலிருந்து ஒன்பது வரை அவரவர் நம்பரைச் சொல்லிக் கூப்பிடுவார். மூன்று தடவை கூப்பிடுவார். பதில் வந்தால் நேரத்தோடு நோட்டில் எழுதுவார், வராவிட்டால் 'பதில் இல்லை' என்று எழுதுவார். பதினோரு வருஷமாக இதே கதை. அதனால்தான் அந்தப் பெயர். சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், அவரே கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பார்.

ரேடியோ பழக்கமில்லாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது டெலிபோன் மாதிரி இல்லை. மைக்கில் இருக்கும் பொத்தானை அமுக்கினால் நாம் பேசலாம். அமுக்கியிருக்கும் வரைக்கும் நமக்கு ஒன்றும் கேட்காது. விட்டால்தான் அடுத்தவர் குரல் வரும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அமுக்கினால், பக்கத்திலிருந்து பலமாக வருகிறவர் குரல்தான் எல்லோருக்கும் கேட்கும். தூரத்தில் இருக்கிறவன் தொண்டை கிழியக் கத்தினாலும் அடியில் அமுங்கிப் போவான். ஆக, பொத்தானை விட மறந்தவன் தன் வீட்டுக் கதையை ஊருக்குச் சொல்கிறான் என்பதோடு போகாது, ஊரார் வாயையும் சேர்த்துப் பொத்திவிடுகிறான். கன்ட்ரோல் சத்தம் போட்டதில் நூற்றுக்கு நூறு நியாயம் இருந்தது.

ஆள் கெட்டவர் இல்லை. கறார்ப் பேர்வழி, அவ்வளவுதான். லிஃப்டில் கதவு சரியாக மூடாமல் பெட்டி நகரக் கூடாது என்று ஒரு தடுப்பு உண்டு. அது அடிக்கடி மக்கர் செய்தால், சில மெக்கானிக்குகள் ஒரு வயர் துண்டைப் போட்டு அதை ஏமாற்றிவிட்டுப் போய்விடுவார்கள். முன்பு வேலை பார்த்த இடத்தில் முதலாளி அப்படிச் செய்யச் சொன்னதற்கு, சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டு வந்தவர் இவர். "நாளைக்கு எவன் காலாவது நடுவுல மாட்டிச்சுன்னா நீங்களா வந்து எடுப்பீங்க?" என்று கேட்டாராம். குழுவில் யார் வீட்டு மொட்டை மாடியில் ஆன்டெனா சாய்ந்தாலும் ஞாயிற்றுக்கிழமை ஏணியோடு வந்து நிற்பார். ஏறும்போதும் திட்டுவார், இறங்கும்போதும் திட்டுவார். டீ கொடுத்தால் குடித்துவிட்டு அதிலும் ஒரு நொட்டை சொல்வார். இப்படிப்பட்ட ஆளை வெறுக்கவும் முடியாது, பக்கத்தில் வைத்துக்கொள்ளவும் முடியாது.

ஒன்பதாம் நம்பர் அவருடைய மச்சினன். மனைவிக்கு இருந்த ஒரே தம்பி. நில அளவை அலுவலகத்தில் வேலை. மலைப்பக்கம் போய் எல்லைக் கற்கள் நட்ட இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்து அளந்து எழுதிவர வேண்டும். "சங்கிலியைத் தூக்கிட்டுத் திரியறவனுக்கு வேற என்ன பேர் வைக்கிறது?" என்று அவனுக்குச் சங்கிலி என்று பெயர் வைத்தது கன்ட்ரோல்தான். இந்தக் காலத்தில் யார் மாமா சங்கிலி வைத்து அளக்கிறார்கள் என்று அவன் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தான். பெயர் ஒட்டினது ஒட்டினதுதான்.

மலையில் போன் எடுக்காது. அக்காக்காரிக்கு அவன் மேலே போகிற நாளெல்லாம் வயிற்றில் நெருப்பு. அந்த நெருப்பை அணைக்கத்தான் கன்ட்ரோல் அவனை உட்கார வைத்துப் பாடம் சொல்லி, பரீட்சை எழுத வைத்து, லைசென்ஸ் எடுத்துக்கொடுத்து, கையில் ஒரு வாக்கிடாக்கியைத் திணித்தார். "மலையிலேர்ந்து ஊருக்கு நேர்ப் பார்வை. நீ எந்த மூலையில இருந்தாலும் உன் குரல் எனக்கு வந்துடும். வீட்டுல ஒண்ணு, கார்ல ஒண்ணுன்னு நான் கேட்டுட்டேதான் இருப்பேன்" என்றார் அவனிடம். மனைவியிடம், "உன் தம்பிக்கு நான் பொறுப்பு, போதுமா?" என்றார். இன்னொன்றும் அவனுக்குப் பழக்கிவிட்டார். கூப்பிட்டால் நேரத்தைக் குறித்து வைக்க வேண்டும், பதில் வந்தாலும் வராவிட்டாலும். "எழுதி வைக்கலைன்னா நீ கூப்பிட்டதுக்கு என்ன சாட்சி?" என்பார்.

ஒரு புதன்கிழமை சங்கிலி தனியாக மலை ஏறினான். கூட வர வேண்டிய உதவியாளர் லீவு. சாயந்திரம் ஐந்து மணிக்கு இறங்கும்போது ஒரு வார்த்தை கூப்பிடுவது வழக்கம், அன்று கூப்பிடவில்லை. ஆறு மணிக்குத் தேட ஆரம்பித்தார்கள். இருட்டிவிட்டதால் வனக்காவலர்கள் திரும்பிவிட்டு, மறுநாள் விடிந்ததும் மறுபடி ஏறினார்கள். இரண்டாவது எல்லைக் கல்லுக்குக் கீழே, காய்ந்த ஓடையில் கிடந்தான். தொடை எலும்பு முறிந்து உள்ளே கிழித்திருந்தது. ஒரு கையில் வாக்கிடாக்கி, பேட்டரி செத்திருந்தது. நெஞ்சின்மேல் அளவைப் புத்தகம், அதற்குள் பென்சில்.

"மத்தியானத்துக்குள்ள தூக்கிட்டு வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்றார் டாக்டர். சொல்லியிருக்க வேண்டாம். சொல்லிவிட்டார்.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அளவு எதுவும் இல்லை. மாமா சொல்லிக் கொடுத்தபடி ஒழுங்காக எழுதியிருந்தான்.

'10.10 கூப்பிட்டேன். சேனலில் யாரோ.'

'10.14 கூப்பிட்டேன். சேனலில் யாரோ. வண்டிச் சத்தம்.'

'10.20 கூப்பிட்டேன். சேனலில் யாரோ.'

அப்படியே போனது. 10.41க்கு ஒன்று. 10.52க்கு ஒன்று, அதில் எழுத்து கோணிக்கொண்டு கீழே இறங்கியிருந்தது. அதற்கப்புறம் பக்கம் காலி.

கன்ட்ரோல் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு ஆஸ்பத்திரி நடையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவன் கூப்பிட்டிருக்கிறான். முக்கால் மணி நேரம் விடாமல் கூப்பிட்டிருக்கிறான். எவனோ ஒருத்தன் பொத்தான்மேல் உட்கார்ந்துகொண்டு வண்டியில் ஜாலியாகப் போயிருக்கிறான். துக்கம் இருக்க வேண்டிய இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. கோபம் வந்ததும் அவருக்கு மூச்சு விட முடிந்தது. உண்மையைச் சொன்னால், அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவர் அடுத்த ஐந்து வாரம் எழுந்து நடமாடினார்.

மனைவி ஒன்றும் கேட்கவில்லை. 'நான் பொறுப்புன்னு சொன்னீங்களே' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் காலில் விழுந்து அழுதிருப்பார். அவள் கேட்கவில்லை. அளவைப் புத்தகத்தை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். மருந்துக்கடை வேலைக்குப் போகும்போதும் அது பையில் இருந்தது, திரும்பி வரும்போதும் இருந்தது.

"அந்த யாரோ யாருன்னு கண்டுபிடிக்காம விடமாட்டேன்" என்றார் அவளிடம்.

"கண்டுபிடிங்க" என்றாள்.

குழுவில் ஒருவரான வாட்ச் கடைக்காரரின் கடைப் பின்னறையில் எல்லோரையும் கூட்டினார். விசாரித்ததில், கன்ட்ரோலைத் தவிர, அந்தப் புதன்கிழமை அந்த நேரத்தில் ரேடியோவைத் திறந்து வைத்திருந்தவர் வாட்ச் கடைக்காரர் ஒருவர்தான். மற்றவர்கள் ஏழு மணிக்கு ஆஜர் சொல்லிவிட்டு, அணைத்துவிட்டு, அவரவர் பிழைப்பைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

"பத்தே காலுக்கு ஏதோ வண்டிச் சத்தம் வந்தது" என்றார் வாட்ச் கடைக்காரர். லென்ஸை நெற்றியில் ஏற்றிவைத்தபடி, தரையைப் பார்த்துத்தான் பேசினார். "யாரோ தெரியாம அமுக்கிட்டாங்க போலன்னு சத்தத்தைக் குறைச்சுட்டேன். கையில ஒரு லேடீஸ் வாட்ச் பிரிச்சுப் போட்டிருந்தேன். இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கலாம். தப்புத்தான்."

வண்டி என்றதும் எல்லோர் கண்ணும் ஒரே பக்கம் போனது. நாலாம் நம்பர், லாரிக்காரர். பகல் முழுக்க வண்டியில் இருக்கிறவர் குழுவில் அவர் ஒருவர்தான்.

"நான் இல்லை" என்றார் லாரிக்காரர். "நான் அன்னைக்குக் கிடங்குல சரக்கு இறக்கிட்டு இருந்தேன். வண்டி நின்னுட்டு இருந்தது, ரேடியோ ஆஃப்."

"சாட்சி?"

"சாட்சிக்கு எங்க போவேன்? மூட்டையைத்தான் கேக்கணும்."

யாரும் சிரிக்கவில்லை. கன்ட்ரோல் எழுந்து நின்றார். "எல்லா ரேடியோலயும் ஒரு டைமர் இருக்கு. மறந்து அமுக்கிட்டே இருந்தா மூணு நிமிஷத்துல தானா நிக்கும். முக்கால் மணி நேரம் நிக்காம ஓடியிருக்குன்னா, எவனோ வேணும்னே டைமரை எடுத்திருக்கான். உங்க வண்டியைத் திறங்க, பாப்போம்."

வெளியே போய்த் திறந்தார்கள். லாரி ரேடியோவில் டைமர் மூன்று நிமிடத்தில்தான் இருந்தது.

"இப்போ திருப்பி வெச்சிருப்பீங்க" என்றார் கன்ட்ரோல்.

லாரிக்காரர் வண்டிக் கதவைச் சாத்தினார். பிறகு, "நான் ஒண்ணு கேக்கறேன். நீங்களும் அன்னைக்கு அதே நேரத்துல கார்ல ரேடியோ போட்டு வெச்சிருந்தேன், சேனல் அமைதியா இருந்ததுன்னு சொல்றீங்க. வாட்ச் கடைக்காரருக்குக் கேட்ட சத்தம் உங்களுக்கு ஏன் கேக்கல?" என்று கேட்டார்.

"நான் ஊருக்கு அந்தப் பக்கம் டைல்ஸ் கடைக்குப் போயிருந்தேன். எட்டியிருக்காது. பேச்சை மாத்தாதீங்க. என் மச்சினன் செத்துக் கிடக்கான்."

அதற்குமேல் லாரிக்காரர் வாயைத் திறக்கவில்லை. செத்தவனை முன்னால் நிறுத்தினால் எவன்தான் வாதாடுவான்? அன்றே அவர் பெயரைக் குழுவிலிருந்து அடித்தார்கள். கன்ட்ரோல் லைசென்ஸ் அலுவலகத்துக்கு மூன்று பக்கத்தில் புகார் எழுதிப் போட்டார். விஷயம் லாரி ஸ்டாண்டு வரைக்கும் போய்ச் சேர்ந்து, அங்கே லாரிக்காரரோடு உட்கார்ந்து டீ குடிக்க ஆள் இல்லாமல் போனது. அவர் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வந்தாள் என்று வாட்ச் கடைக்காரர் சொன்னார். கன்ட்ரோல் அதைக் கேட்டுக்கொண்டார், கேட்காத மாதிரி இருந்துவிட்டார்.

புகார் மேல் விசாரணைக்குத் தேதி வந்தது. அடுத்த திங்கள்கிழமை. ஆதாரம் இருந்தால் கொண்டு வரவும் என்று கடிதத்தில் போட்டிருந்தது. அப்போதுதான் மனைவி சொன்னாள்:

"தையல்காரம்மாகிட்ட கேட்டீங்களா?"

தையல்காரம்மா குழுவில் இல்லை. பேசுகிற ரேடியோ அவரிடம் இல்லை. கேட்கிற ஸ்கேனர் மட்டும்தான். நாலாவது மாடியில் ஒற்றை அறை, ஜன்னலோரம் தையல் மெஷின், அதன் பக்கத்தில் ஸ்கேனர். தீயணைப்பு, துறைமுகம், டாக்ஸி, இந்த ஒன்பது பேர் என்று எந்தச் சேனலில் யார் வாயைத் திறந்தாலும் அந்தம்மாவுக்குத் தெரியும். மெஷின் ஓடும்போது பேச்சு காதில் விழாது. அதற்காக எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் பதிவாகும்படி வைத்து, காஜா எடுக்கும்போதும் கொக்கி தைக்கும்போதும் நிதானமாகப் போட்டுக் கேட்பார். சில நாள் கன்ட்ரோலுக்கே போன் வரும். "மூணாம் நம்பர் குரல் கட்டியிருக்கே, மருந்து சாப்பிடறாரா?" என்று விசாரிப்பார்.

அத்தனை நாள் அந்தம்மா ஞாபகம் ஏன் வரவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டு கன்ட்ரோல் ஓடினார். போன இடத்தில் தையல்காரம்மா மெஷினை நிறுத்தவே இல்லை.

"அன்னைக்கு நான் கவனிக்கல தம்பி. அவசரத் துணி."

"பதிவாகியிருக்குமே."

"அழிஞ்சு போச்சு."

"எப்படி அழியும்? போன வருஷத்துது எல்லாம் வெச்சிருக்கீங்க."

"அழிஞ்சு போச்சுன்னு சொல்றேன்ல" என்றார். ஊசி துணியை விட்டு விலகி வெறும் இரும்பில் டக்டக்கென்று குத்திக்கொண்டிருந்தது. கன்ட்ரோலுக்குச் சந்தேகம் தட்டியது. லாரிக்காரருக்கும் இந்தம்மாவுக்கும் ஏதோ உறவு இருக்கும், மறைக்கிறார் என்று நினைத்தார். மனுஷனுக்கு அந்த அளவுக்குத்தான் புத்தி போனது.

மறுநாள் மத்தியானம் மனைவியைக் கூட்டிக்கொண்டு போனார். அவள் வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"அக்கா, என் தம்பி குரல் அதுல இருக்கா?"

தையல்காரம்மா மெஷினிலிருந்து காலை எடுத்தார். பொய் சொல்ல முடியாத கேள்வி.

"இருக்கு" என்றார்.

"அப்போ போடுங்க."

"போடறேன். ஆனா ரெண்டு பேரும் இருந்து கேக்கணும். பாதியில எந்திரிச்சுப் போகக் கூடாது. அஞ்சு வாரமா நான் ஒருத்தியே கேட்டுக்கிட்டு இருக்கேன்."

ஸ்டூலில் இருந்த துணிகளை எடுத்துக் கட்டில்மேல் போட்டு மனைவிக்கு இடம் கொடுத்தார். கன்ட்ரோல் நின்றுகொண்டார், கையில் பேனாவும் நோட்டும். திங்கள்கிழமை விசாரணைக்குக் குறிப்பு எடுக்க வேண்டும் இல்லையா?

முதலில் தொப்பென்று ஒரு சத்தம். அடுத்து ஓர் ஆண் குரல், பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி:

"நல்லா அமுக்கி வை. பிரேக் போட்டா சரிஞ்சுடும்."

அப்புறம் கார்க் கதவு சாத்துகிற சத்தம். இன்ஜின்.

"இது வேற" என்றார் கன்ட்ரோல். "வேற எதையோ போட்டுட்டீங்க."

தையல்காரம்மா திரையைக் காட்டினார். புதன்கிழமைத் தேதி. பத்து மணி ஒன்பது நிமிடம்.

மனைவி அவர் பக்கம் திரும்பவில்லை. கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். பதிவில் தொப்பென்று விழுந்தது டைல்ஸ் கடையில் கொடுத்த மாதிரிக் கட்டு, பன்னிரண்டு துண்டு, நூல் போட்டுக் கட்டியது. இரண்டு சீட்டுக்கும் நடுவில், அவர் மைக்கைப் போட்டு வைக்கிற குழியில், அவள்தான் வைத்தாள். மைக் மாட்டுகிற கொக்கி உடைந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

கன்ட்ரோல் திரையில் ஓடுகிற நேரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். மூன்று நிமிடத்தில் நின்றுவிடும், டைமர் இருக்கிறது, நிற்கத்தான் வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். மூன்று நிமிடம் ஆனது. நிற்கவில்லை. நாலு நிமிடம். அப்போது ஞாபகம் வந்தது. வேலை சீக்கிரம் தொடங்குகிற நாளில் காரிலிருந்தே ஏழு மணிக்குக் கூப்பிட்டு, கூடவே குழுவுக்கான அறிவிப்பும் செய்வார். ஒரு தடவை அறிவிப்பு நீண்டுபோய், மூன்று நிமிடத்தில் அவர் வாயையே டைமர் அடைத்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், "கன்ட்ரோலுக்கே கன்ட்ரோலா?" என்று சிரித்துக்கொண்டு அதை அணைத்து வைத்தார். லிஃப்ட் கதவுத் தடுப்பில் வயர் துண்டு போடமாட்டேன் என்று வேலையை விட்ட அதே ஆள். குழுவில் அடுத்தவர் ரேடியோவையெல்லாம் சந்தேகப்பட்டவர், தன்னுடையதை ஒரு தடவை திறந்து பார்க்கவில்லை.

பதிவு ஓடிக்கொண்டிருந்தது. காரின் இடது கதவு ஆடுகிற கடகட சத்தம். அவர் பாடுகிற சத்தம். எந்தப் பாட்டு என்று கண்டுபிடிக்க முடியாத மாதிரி ஒரு பாட்டு. வெள்ளை டைல்ஸ் வேண்டாம், அழுக்கு பளிச்சென்று தெரியும் என்று மனைவி சொல்கிறாள். தெரிந்தால்தானே துடைப்பாய் என்று அவர் சீண்டுகிறார். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். கொஞ்ச தூரம் பேச்சில்லை. அப்புறம் மனைவியின் குரல்:

"தம்பி இன்னைக்கு மேலதானே போயிருக்கான்? ஒரு வார்த்தை கூப்பிட்டுத்தான் பாருங்களேன்."

"எதுக்கு? ரேடியோ ஓடிட்டுத்தானே இருக்கு. ஏதாவதுன்னா அவனே கூப்பிடுவான். பாரு, சேனல் எவ்வளவு அமைதியா இருக்கு."

கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

அமைதியாகத்தான் இருந்திருக்கும். அமுங்கிய பொத்தானுக்கு எதுவும் கேட்காது. இந்தப் பாடத்தை அவர் எட்டுப் பேருக்கும் நடத்தியவர்.

"இப்போ ரயில் பாலத்துக்கு அடியில போவீங்க" என்றார் தையல்காரம்மா மெதுவாக. "அங்க உங்க சத்தம் விட்டுப்போகும். ஒன்பது செகண்டு."

கார்ச் சத்தம் கரகரத்துத் தேய்ந்தது. அந்த இடைவெளியில், எங்கேயோ கிணற்றின் அடியிலிருந்து வருகிற மாதிரி, ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தெரிய, ஒரு குரல் வந்தது.

"...மாமா, உங்க மைக் அமுங்கியிருக்கு. அதை எடுங்க. அக்கா, நீயாவது பாரு, சீட்டுக்கு நடுவுல பாரு. என் காலு... ரெண்டாவது கல்லுக்குக் கீழ, ஓடையி—"

கார் பாலத்தைத் தாண்டி வெளியே வந்தது. இன்ஜின் சத்தம் அவன்மேல் ஏறி மூடியது. அவர் மறுபடி பாட ஆரம்பித்தார்.

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். தையல்காரம்மா நிறுத்தக் கையை நீட்டினார். மனைவி தலையை ஆட்டினாள், ஓடட்டும். மிச்சம் பதினைந்து நிமிடத்தையும் கேட்டார்கள். கேட் திறக்கிற சத்தம் வந்தது. "டைல்ஸை நீங்க எடுங்க, கனமா இருக்கு" என்று அவள் குரல். ஒரு தட்டல். பதிவு முடிந்தது. பத்து ஐம்பத்தாறு.

அதற்குப் பின்னால் அந்தச் சேனலில் சாயந்திரம்வரை எதுவும் பதிவாகவில்லை. அடுத்த பதிவு, ஒன்பதாம் நம்பரைக் கூப்பிடுகிற கன்ட்ரோலின் குரல்.

மனைவி பையைத் திறந்து அளவைப் புத்தகத்தை எடுத்தாள். கடைசிப் பக்கம் தானாகவே திறந்துகொண்டது, அத்தனை தடவை திறந்திருக்கிறாள். 10.41 என்கிற இடத்தில் விரலை வைத்தாள்.

"நம்ம குரல்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள். "மாமான்னு கூப்பிட்டிருக்கான், அக்கான்னு கூப்பிட்டிருக்கான். நாம டைல்ஸ் பேசிச் சிரிச்சதெல்லாம் கேட்டுக்கிட்டுக் கிடந்திருக்கான். தெரிஞ்சும் யாரோன்னு எழுதியிருக்கான்."

"எனக்காக" என்றார் கன்ட்ரோல்.

"உங்களுக்காக எழுதல. எனக்காக எழுதியிருக்கான். நான் உங்களோட குடித்தனம் பண்ணணுமே, அதுக்காக."

தையல்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பதிவை ஒரு சின்ன மெமரி கார்டில் போட்டுக் கொடுத்தார். மனைவி அதை வாங்கி அவர் சட்டைப் பையில் போட்டாள். திங்கள்கிழமைக்கு ஆதாரம் கேட்டார்களே, ஆதாரம் கிடைத்துவிட்டது. கீழே இறங்கி வந்ததும் அவள் காரின் முன் சீட்டில் உட்காரவில்லை. பின்னால் ஏறிக்கொண்டாள்.

ராத்திரி இரண்டு பேரும் சாப்பிடவில்லை. காலையில் ஆறே முக்காலுக்கு அவர் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார். பழைய நோட்டைத் திருப்பி அந்தப் புதன்கிழமையை எடுத்துப் பார்த்தார். தன் கையெழுத்து. '10 முதல் 11 வரை காரில் கேட்டுக்கொண்டிருந்தேன். சேனல் அமைதி.' அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு மணி அடித்தது. மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

அவர் வழக்கம்போல இரண்டாம் நம்பரிலிருந்து ஆரம்பிக்கவில்லை. பொத்தானை அமுக்கினார்.

"நாலாம் நம்பர். நாலாம் நம்பர். நாலாம் நம்பர். கன்ட்ரோல் பேசறேன்."

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. காத்திருந்தால் தைரியம் போய்விடும் என்று பயம். அப்படியே பேசினார்.

"அன்னைக்கு சேனல்ல இருந்தது நீங்க இல்லை. நான். என் கார். மைக் அமுங்கிக் கிடந்திருக்கு. டைமரை நான்தான் எடுத்து வெச்சிருந்தேன், ரெண்டு வருஷமா. என் மச்சினன் என்னைத்தான் கூப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கான். பதிவு என் கையில இருக்கு. திங்கக்கிழமை நானே கொண்டு போய்க் கொடுக்கறேன். லாரி ஸ்டாண்டுக்கு இன்னைக்கே வந்து எல்லார் முன்னாலயும் சொல்றேன். உங்க பொண்ணுகிட்டயும் வந்து சொல்றேன். மன்னிப்புக் கேக்கிற யோக்கியதை எனக்கு இல்லை. அவ்வளவுதான்."

முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். ஸ்பீக்கரிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஒரு நிமிடம் போனது. அவர் கண்ணில் தண்ணீர் வழிந்து தாடையில் நின்றது, துடைக்கவில்லை.

"யாரும் பதில் சொல்லல" என்றார் மனைவியைப் பார்த்து. "ஒருத்தர்கூடச் சொல்லல."

மனைவி அவர் கையைப் பார்த்தாள். கட்டைவிரல் நகம் வெளுத்துப் போகிற அளவுக்கு மைக்கை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"பொத்தானை விடுங்க" என்றாள். நேற்று மத்தியானத்துக்குப் பிறகு அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை.

விட்டார். லாரிக்காரர் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தார். பாதியிலிருந்துதான் கேட்டது.

"...இல்லைன்னு அன்னைக்கே சொன்னேன். வாட்ச் கடையில சொன்னேன், ஸ்டாண்டுல சொன்னேன், உங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு சொன்னேன். நீங்க கேக்கல."

அவ்வளவுதான். பொத்தானை விட்டுவிட்டார் லாரிக்காரர். கன்ட்ரோல் முறை வந்தது. மைக்கை மேசைமேல் தூர வைத்துவிட்டு, பேனாவை எடுத்து, நோட்டில் புது வரியில் எழுதினார்: '7.04 நாலாம் நம்பர். பதில் வந்தது.'